குடந்தையும் சென்னையும்: உ. வே. சாமிநாதையரின் இடப்பெயர்வுகள் (1880–1942) – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழ் நூற்பதிப்பின் வரலாறு பெரும்பாலும் சுவடி, அச்சு, உரை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பதிப்பாசிரியர் எந்த ஊரில் வாழ்ந்தார், அவ்வூர் அவருக்கு எதைத் தந்தது, எதை மறுத்தது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. உ. வே. சாமிநாதையர் (1855–1942) கும்பகோணத்திலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து சிதம்பரத்திற்கும், இறுதியில் போர்க்காலச் சூழலில் திருக்கழுக்குன்றத்திற்கும் இடம்பெயர்ந்தார். இந்நான்கு ஊர்களையும் அவருடைய நூல்கள் வெளிவந்த ஆண்டுகளோடு பொருத்தி நோக்கி, பெருநகர வாழ்வும் சிறுநகர வாழ்வும் ஒரு தமிழறிஞருக்கு அளித்த நன்மை தீமைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: உ. வே. சாமிநாதையர், கும்பகோணம், சென்னை, இடப்பெயர்வு, பதிப்பு வரலாறு, திருவாவடுதுறை ஆதீனம், இரண்டாம் உலகப்போர்.

முன்னுரை

சென்னைக்கு வெளியே தமிழாய்வு மேற்கொள்ளும் மாணவர் எவரும் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய அறிவுரை ஒன்றுண்டு: "நூலகமும் ஆவணக்காப்பகமும் சென்னையில் இருக்கும்போது இங்கே அமர்ந்து என்ன செய்யப்போகிறாய்?" இவ்வறிவுரையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அதன் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. அறிவுத்துறையில் இயக்கம் என்பது சிற்றூரிலிருந்து பெருநகரை நோக்கியே நிகழும் என்பதும், அதற்கு எதிர்த்திசையில் செல்வது பின்னடைவு என்பதுமே அவ்வெண்ணம். இதனை ஒரு வாழ்க்கையை முன்வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அதற்குச் சாமிநாதையரின் வாழ்க்கையைக் காட்டிலும் பொருத்தமான சான்று தமிழில் அரிது. தொடர்புடைய இடங்கள், ஆண்டுகள், மனிதர்கள் பற்றிய செய்திகளை அவரே 'என் சரித்திர'த்தில் விரிவாகப் பதிந்துள்ளார் என்பது ஒரு காரணம். அவர் இரு திசைகளிலும் பயணம் செய்தவர் என்பது மற்றொன்று.

அளவைப் பற்றி ஒரு குறிப்பு. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னையில் 5,09,346 பேரும், கும்பகோணத்தில் 59,673 பேரும், சிதம்பரத்தில் 19,909 பேரும் வாழ்ந்தனர். சென்னையோடு ஒப்பிட்டால் கும்பகோணம் எட்டில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆயினும் அக்காலத் தமிழ்நாட்டு நிலையில் அது சிற்றூர் அன்று. கல்லூரியும் நீதிமன்றமும் இருப்புப்பாதையும் மடங்களும் கொண்ட ஒரு நகரம். 'சிறுநகர்' என்னும் சொல் இக்கட்டுரையில் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

குடந்தைக்கு முன்

இடம்பெயர்தல் சாமிநாதையருக்குப் புதியதன்று. கதாகாலட்சேபமும் இசையும் வல்ல அவர் தந்தையார் வேங்கடசுப்பையர், ஆதரிப்போர் இருக்கும் ஊர்களை நாடிக் குடும்பத்தோடு மாறிமாறி வாழ்ந்தவர். உத்தமதானபுரம், அரியலூர், குன்னம் என நீளும் அப்பட்டியலை 'என் சரித்திர'த்தின் தொடக்க இயல்களில் காணலாம். ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு அங்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது: ஆதரிக்கும் மனிதர் அங்கே உண்டா என்பது. அம்மனிதர் மறைந்தாலோ மனம் மாறினாலோ குடும்பம் வேறூருக்குப் பெயரும்.

அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவ்வாறே திரிசிரபுரத்தை விட்டு அதனினும் சிறிய மாயூரத்தில் குடியேறியவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அண்மை அதற்கு ஒரு முதன்மைக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புலவர்களுக்குச் சென்னை இயல்பான இலக்காக இருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. காவிரிக்கரை மடங்களும் பாளையப்பட்டுகளும் சமஸ்தானங்களும் தமக்கெனத் தனி மையங்களைக் கொண்டிருந்தன. 1871 முதல் ஆசிரியர் மறைந்த 1876 வரை மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் பயின்ற சாமிநாதையர் இம்மையங்களின் வழி உருவானவர்.

கும்பகோணம்: ஓர் ஊர் தந்தவை

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியாரின் முயற்சியால், அவர் வகித்துவந்த தமிழாசிரியர் பணி கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதையருக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். மடத்தின் ஆதரவில் வாழ்ந்தவருக்கு அரசுச் சம்பளம் என்பது ஒரு பெருமாற்றம். அதனினும் பெரியது, அம்மாற்றம் மடத்தை விட்டு அவரை விலக்கிவிடவில்லை என்பது. திருவாவடுதுறை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. விடுமுறை நாள்களில் சென்று வரலாம். சுப்பிரமணிய தேசிகரின் அன்பும் மடத்துச் சுவடிகளும் கல்லூரிச் சம்பளமும் ஒருவருக்கு ஒருசேரக் கிட்டக்கூடிய ஊர்கள் அன்று மிகச் சில. சென்னையில் சம்பளம் கிடைத்திருக்கும், மடம் கிடைத்திருக்காது.

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தமை யாவரும் அறிந்தது. முன்சீபாகக் கும்பகோணத்திற்கு மாற்றலாகி வந்த முதலியார், தாம் பயின்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்ன இளம் ஆசிரியரிடம் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டதும், அக்கேள்வி ஒரு வாழ்நாள் பணியாக வளர்ந்ததும் பலமுறை எழுதப்பட்டுள்ளன. இந்நிகழ்ச்சியைத் தற்செயல் என்றோ தெய்வச் செயல் என்றோ கூறுவது வழக்கம். ஆனால் அதில் ஊரின் அளவுக்கும் பங்குண்டு எனக் கருத இடமிருக்கிறது. புதிதாக வந்த முன்சீபு தமிழில் ஈடுபாடுடையவர் என்றால், கல்லூரித் தமிழாசிரியர் அவரைச் சென்று காண்பது ஒரு சிறுநகரின் இயல்பான நடைமுறை. உயர்நீதிமன்றமும் நூற்றுக்கணக்கான வழக்கறிஞரும் இருந்த சென்னையில் இத்தகைய சந்திப்பு நிகழவே நிகழாது என்று கூற இயலாது. எனினும் அது இவ்வளவு எளிதாகவும், மீண்டும் மீண்டும் உடனமர்ந்து பாடம் கேட்கும் வாய்ப்போடும் அமைந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

மூன்றாவது நன்மை இன்னும் குறிப்பிடத்தக்கது. சிந்தாமணி சமணக் காப்பியம். மூவாயிரத்திற்கும் மேற்பட்ட அதன் செய்யுள்களையும் நச்சினார்க்கினியர் உரையையும் சைவ மடத்தில் பயின்ற ஒருவர் தாமே விளங்கிக்கொள்ள முடியவில்லை. சமயக் கலைச்சொற்கள் தடையாக நின்றன. அத்தடை நீங்கியது கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணக் குடும்பங்களின் வழியாக. சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்கள் அந்நூலைத் தம் சமய நூலாகப் போற்றிப் பயின்றுவந்தனர். ஏட்டில் இருந்த ஐயத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் உயிருள்ள விடை இருந்தது. பல சமயத்தார் நெருங்கி வாழ்ந்த பழைய கோயில் நகரம் ஒன்றின் கொடை இது. இக்கொடையை நாம் பெரும்பாலும் சாமிநாதையரின் தனிப்பட்ட பணிவுக்கு மட்டும் உரியதாக எழுதிவிடுகிறோம். பணிவு இருந்தது உண்மை. கேட்பதற்கு ஆள் இருந்ததும் உண்மை.

மணிமேகலைக்கும் இவ்வாறே. பௌத்த சமயச் செய்திகளை ஆங்கில நூல்களிலிருந்து எடுத்து விளக்கி உதவியவர் மளூர் ரங்காசாரியார். அவ்வுதவியும் கும்பகோணத்தில் இருந்த காலத்திலேயே கிடைத்தது. 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்போடு புத்தரின் வரலாறும் பௌத்த தருமமும் பௌத்த சங்கமும் பற்றிய உரைநடைப் பகுதிகள் தமிழில் எழுதப்பட்டமைக்கு இவ்வூடாட்டமே அடிப்படை.

எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, சென்னையில் நெடுங்காலம் அரசுப்பணி புரிந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, ஓய்வுபெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராக வாழ்ந்தார். தலைநகரை விட்டு வந்த மூத்த பதிப்பாசிரியரும், தலைநகருக்கு இன்னும் செல்லாத இளைய பதிப்பாசிரியரும் 1880களின் நடுவில் ஒரே ஊரில் இருந்தனர். தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் 1887ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. பதிப்பு வரலாற்றில் அவ்வாண்டுகளில் மையமாக இருந்தது சென்னையா கும்பகோணமா எனக் கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று.

கும்பகோணம் மறுத்தவை

அச்சு என்று வரும்போது நிலைமை மாறுகிறது. சிந்தாமணி அச்சானது சென்னையில். இராமசுவாமி முதலியார் அதற்குள் சென்னையில் வழக்கறிஞராக நிலைபெற்றிருந்தார். 1885இல் இந்தியர் சார்பில் இங்கிலாந்து சென்ற மூவர் குழுவில் அவரும் ஒருவர். கல்லூரி விடுமுறைகளில் சாமிநாதையர் சென்னைக்கு வந்து முதலியார் இல்லத்தில் தங்கி அச்சுப்பணியைக் கவனிப்பதும், விடுமுறை முடிந்ததும் ஊர் திரும்பி அஞ்சலில் வரும் அச்சுப்படிகளைத் திருத்தி அனுப்புவதுமாகக் காலம் சென்றது.

இருப்புப்பாதை இல்லையேல் இம்முறை நடைபெற்றிராது. 1870களில் தென்னிந்திய இரயில்வேயின் பாதை தஞ்சை மாவட்டத்தின் ஊடாக அமைந்தபின், முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த கும்பகோணம்–சென்னைப் பயணம் ஓரிரவில் முடியக்கூடியதாயிற்று. சிறுநகரில் வாழ்ந்தவாறே பெருநகரின் அச்சகத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவருடைய ஆசிரியர் தலைமுறைக்கு இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நூல்கள் பலவும் அவர் காலத்தில் ஏட்டிலேயே தங்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆயினும் அஞ்சல்வழித் திருத்தத்தின் இடர்களைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒரு படிவத்தைத் திருத்தி அனுப்பி, அது சேர்ந்து, மறுபடி வந்து சேரும்வரை எழுத்துகள் கோக்கப்பட்டபடியே அச்சகத்தில் நிற்க வேண்டும். அச்சகத்தாருக்கு அது நட்டம். பொருளுக்குரிய வழிகளிலும் சென்னையின் பங்கு மிகுதி. முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பணம் உதவக்கூடிய வழக்கறிஞர், அரசு அலுவலர் பலர் அங்கிருந்தனர். மடத்தின் உதவியும் ஊர்ச் செல்வர் உதவியும் இருந்தும், காகிதத்திற்கும் அச்சுக்கூலிக்கும் அவர் பட்ட கவலையை 'என் சரித்திரம்' மறைக்கவில்லை.

சுவடி தேடும் பயணங்கள் வேறு வகை. திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் கரிவலம்வந்தநல்லூருக்கும் சென்றுவரச் சென்னையைக் காட்டிலும் கும்பகோணம் அணித்து. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்னும் செய்தியைக் கேட்டு அவர் பதைத்த இடம் தமிழ்மாணவர் அனைவரும் படித்தது. சென்று சேர்வதற்குள் அழிந்துபோகக்கூடியவற்றைத் தேடும் பணியில் தொலைவு என்பது வெறும் எண் அன்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின், மூலப்பொருள் கிடைத்த இடம் தெற்கும் காவிரிக்கரையும். அது நூலாக மாறிய இடம் சென்னை. இரண்டிற்கும் இடையில், இரண்டோடும் இருப்புப்பாதையால் இணைந்து நின்ற ஊர் கும்பகோணம். சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), புறப்பொருள் வெண்பாமாலை (1895), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903) ஆகியவை அனைத்தும் இந்த இடைநிலையின் விளைவுகள்.

1903: சென்னைக்கு

1903இல் சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். அரசுப்பணியாளரின் இடமாற்றம் என்பதால் இதனை முழுதும் அவருடைய விருப்பத் தேர்வாகக் கொள்ள முடியாது. 'என் சரித்திரம்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிடுவதால், இம்மாற்றத்தை அவர் எவ்வாறு எடைபோட்டார் என்பதற்கு அவ்வரலாற்றில் அவர் வாய்மொழியாக ஒன்றும் இல்லை. சூழ்நிலையைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

அச்சூழ்நிலை 1880இல் இருந்தது போன்றதன்று. சுப்பிரமணிய தேசிகரும் தியாகராச செட்டியாரும் 1888இல் மறைந்தனர். இராமசுவாமி முதலியார் 1892இல் மறைந்தார். மளூர் ரங்காசாரியாரும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பாளராகவும் விளங்கியவர். அடுத்துப் பட்டமெய்திய அம்பலவாண தேசிகர் காலத்திலும் மடத்தின் தொடர்பு நீடித்தது என்றாலும், கும்பகோணத்தை ஓர் ஆய்வு மையமாக்கிய மனிதர்கள் அங்கே இல்லை. சிறுநகரின் நன்மைகள் ஒரு சிலரைச் சார்ந்தே நிற்பவை. அவர்களுக்குப்பின் அந்நன்மைகளைத் தாங்கி நிற்கும் நிறுவனம் அங்கு இல்லாமற்போகலாம். வேங்கடசுப்பையர் ஊர்விட்டு ஊர் சென்றமைக்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடில்லை. (கல்லூரி மட்டும் நிலைத்தது. சாமிநாதையர் சென்ற மறு ஆண்டு அங்கு மாணவராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜனும் இறுதியில் சென்னைத் துறைமுக அலுவலகத்திற்கே வர நேர்ந்தது. அவ்வூரின் கதையை அவர்வழியும் எழுதலாம்.)

சென்னை ஆண்டுகளின் கணக்கு

சென்னையில் அவர் திருவல்லிக்கேணி திருவட்டீசுவரன்பேட்டைப் பிள்ளையார் கோயில் தெருவில் வாழ்ந்தார். தம்மைக் கல்லூரிப் பணிக்குக் கொணர்ந்த செட்டியாரின் நினைவாக அவ்வில்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். கல்லூரி நடந்து செல்லும் தொலைவு, அச்சகங்கள் அண்மையில். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம், 1937இல் காந்தியடிகள் கலந்துகொண்ட பாரதீய சாகித்திய பரிஷத்து மாநாட்டில் வரவேற்புக் குழுத்தலைமை என மதிப்புகள் தொடர்ந்தன. இவற்றுள் எதுவும் கும்பகோணத்தில் இருந்திருந்தால் கிடைத்திராது என அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் இவை கிடைக்கும் வழியில் அவர் இருந்தார்.

பதிப்பு ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் சற்று வியப்பளிக்கும் ஒரு படம் தோன்றுகிறது. பதிற்றுப்பத்து 1904இல் வெளிவந்தது. அதற்கான உழைப்பின் பெரும்பகுதி கும்பகோணத்திலேயே நடந்திருக்க வேண்டும். அதன்பின் சங்கத்தொகை நூலாக அவர் வெளியிட்டது பரிபாடல், ஆண்டு 1918. இடையில் பதினான்கு ஆண்டுகள். பெருங்கதை 1924. குறுந்தொகை 1937. கும்பகோணத்தில் இருந்து வெளியிட்ட பதினாறு ஆண்டுகளில் ஏழு பெருநூல்கள். சென்னையின் முப்பத்தொன்பது ஆண்டுகளில், இவ்வரிசையில் வைக்கத்தக்கவை நான்கு. பெருநகரம் அவருடைய நேரத்தைத் தின்றுவிட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். இக்கட்டுரையாளருக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது.

ஆனால் அம்முடிவு பொருந்தாது. முதலாவதாக, பின்னர் எடுத்துக்கொண்ட நூல்கள் இயல்பிலேயே கடினமானவை. பரிபாடல் முழுமையாகக் கிடைக்காத நூல். பெருங்கதையும் முதலும் முடிவும் சிதைந்தது. குறுந்தொகைக்குப் பழைய உரை கிட்டாததால் அவரே உரை எழுத வேண்டியதாயிற்று. இரண்டாவதாக, சென்னையில் அவர் முன்னைய பதிப்புகளைத் திருத்தி விரித்தார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இலும் சிலப்பதிகாரத்தின் இரண்டாம் பதிப்பு 1920இலும் வெளிவந்தன. ஒப்புமைப் பகுதிகளும் அகராதிகளும் அடிக்குறிப்புகளும் பெருகிய அப்பதிப்புகளே இன்று நாம் பயன்படுத்துபவற்றிற்கு மூலம். எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இவ்வுழைப்பை அளக்கலாகாது. மூன்றாவதாக, கும்பகோணத்தில் நாற்பது வயதிலிருந்தவர் குறுந்தொகையை வெளியிட்டபோது எண்பதைக் கடந்தவர்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. சாமிநாதையரின் உரைநடை சென்னையின் விளைவு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு இரு பாகங்களாக 1933இலும் 1934இலும் வெளிவந்தது. 'கலைமகள்' முதலிய இதழ்களில் அவர் எழுதிய நினைவுக் கட்டுரைகளும், 1940 முதல் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்த 'என் சரித்திர'மும் இதழாசிரியர்கள் கேட்டு எழுதப்பட்டவை, கி. வா. ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் உடனிருந்து துணைசெய்தவை. வாரந்தோறும் ஒரு பகுதியை எதிர்பார்க்கும் இதழ் உலகம் இருந்தது சென்னையில். நாம் இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கும்பகோணத்தையும் மாயூரத்தையும் இவ்வளவு துல்லியமாக அறிவதற்குக் காரணம், அவ்வூர்களில் வாழ்ந்தவர் அவற்றை விட்டுச் சென்னைக்கு வந்தமையே. சிறுநகர வாழ்வைப் போற்றி இக்கட்டுரை மேலே எடுத்துக்காட்டிய சான்றுகளுள் பெரும்பாலானவை பெருநகரில் எழுதப்பட்டவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிதம்பரம்

1919இல் ஓய்வுபெற்ற சாமிநாதையர் கும்பகோணத்திற்குத் திரும்பவில்லை. ஆனால் 1924இல், அறுபத்தொன்பதாம் வயதில், அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்று அங்குச் சென்றார். 1927இல் உடல்நலக் குறைவால் விலகிச் சென்னைக்கு வந்தார். பின்னர் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக விரிந்த கல்விச் சூழலின் தொடக்கம் அது. கும்பகோணம் போல மனிதர்களை மட்டும் நம்பி நின்றதன்று. சிறுநகரில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நிறுவனம். 1880களில் கும்பகோணத்திற்கு இல்லாதிருந்தது எதுவோ அது சிதம்பரத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அவருக்கு வயதுதான் இடந்தரவில்லை. முதுமையில் ஊர் மாறுவோர் மருத்துவ வசதியையும் உற்றார் அண்மையையும் முதலில் எண்ணுவர் என்பதற்கு அவர் விலக்கல்லர்.

1942: திருக்கழுக்குன்றம்

சென்னைக்குக் கடல்வழி ஆபத்து முற்றிலும் புதியதன்று. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பலின் குண்டுகள் துறைமுக எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கியபோது, சாமிநாதையர் அந்நகரில் பதினோராண்டு வாழ்ந்திருந்தார். ஆனால் 1942இன் நிலைமை வேறு. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திரிகோணமலையும் குண்டுவீச்சிற்கு உள்ளாயின. 1941 கணக்கின்படி 7,77,481 பேர் வாழ்ந்த சென்னை சில நாள்களில் வெறுமையாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மாநகராட்சி விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள், கூண்டு உடைந்தால் என்னாகும் என்ற அச்சத்தில் சுட்டுக் கொல்லப்பட்டன.

எண்பத்தேழு வயதான சாமிநாதையர் திருக்கழுக்குன்றத்திற்கு இடம்பெயர்ந்தார். தங்கியது அங்குத் திருவாவடுதுறை ஆதீனத்திற்கு உரிய மடத்தில்.

ஊர்த்தேர்வு கவனத்திற்குரியது. போர்ப் பாதுகாப்பு ஒன்றையே கருதினால் திருக்கழுக்குன்றம் சிறந்த புகலிடமன்று. அது கடற்கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவே உள்ளது. சதுரங்கப்பட்டினமும் மாமல்லபுரமும் அருகில். கடல்வழிப் படையிறக்கம் நிகழுமென அஞ்சுவோர் கோயம்புத்தூரையோ சேலத்தையோ நாடுவர். ஆகவே இங்கு எடைபோடப்பட்டது வேறு எனக் கொள்ளலாம். வான்வழித் தாக்குதலின் குறி துறைமுகமும் பெருநகருமே. அவற்றை விட்டு விலகினால் போதும். மறுபுறம், மிக முதிய ஒருவரை நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாகாது. சென்னையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட ஊர். அங்கே தம்மை அறிந்த மடம். எழுபதாண்டுகளுக்கு முன் மாணவராக நுழைந்த ஆதீனத்தின் கிளையே நெருக்கடியில் கதவு திறந்தது. கல்லூரி, பல்கலைக்கழகம், பட்டம் வழங்கிய அரசு ஆகியவற்றோடு நாற்பதாண்டு பழகியவருக்கு, புகலிடம் கிடைத்தது அவற்றின் வழியாக அன்று.

1942 ஏப்ரல் 28 அன்று அவர் அங்கேயே காலமானார்.

அஞ்சிய படையெடுப்பு நிகழவில்லை. சென்னையின்மீது ஜப்பானிய வானூர்தி குண்டு வீசியது 1943 அக்டோபரில், சேதம் சிறிது. இதனைக் கொண்டு, அவ்விடப்பெயர்வு தேவையற்றது, திருவல்லிக்கேணியிலேயே இருந்திருக்கலாம் என்று கூறுவார் உண்டு. பின்னர் நடந்ததை அறிந்தபின் முன்னர் எடுத்த முடிவைத் தவறெனல் வரலாற்று முறைமையாகாது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சென்னைக் குடும்பம் ஒன்றின்முன் இருந்த செய்தி, நான்கு நாள்களுக்குள் கடற்கரை நகரங்கள் நான்கு தாக்கப்பட்டன என்பதே. முதியவரின் உயிரோடு, வாழ்நாள் முழுதும் திரட்டிய ஏடுகளும் கையெழுத்துக் குறிப்புகளும் நிறைந்த ஓர் இல்லமும் அவர்கள் பொறுப்பில் இருந்தது. ஓமத்தீயில் ஏடுகள் எரிந்த செய்திக்குப் பதைத்தவரின் இல்லம் அது.

அத்தொகுப்பு அழியவில்லை. 1943இல் உருக்மணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அது பெசன்ட் நகருக்கு மாறியது. இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட சுவடிகள் இன்று அங்கு உள்ளன. தஞ்சைப் பகுதியிலும் நெல்லைப் பகுதியிலும் உள்ள சிற்றூர்களிலிருந்து கும்பகோணத்திற்கும், அங்கிருந்து திருவல்லிக்கேணிக்கும் வந்த ஏடுகள் அவை. அவற்றைப் பார்க்க இக்கட்டுரையாளரும் தம் ஊரிலிருந்து இரவு வண்டியில்தான் சென்றுவர வேண்டியிருந்தது.

'என் சரித்திரம்' 122ஆம் இயலோடு நின்றது. நூல்வடிவில் 1950இல் வெளிவந்தது. அதில் மாயூரமும் திருவாவடுதுறையும் கும்பகோணமும் உண்டு. சென்னைக்குக் குடிவந்த கதை இல்லை.